நண்டோடு வந்த ஆட்சேபணை

அவர் விஜிலன்ஸ் ஆள் என்று நான் நம்பினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பதினோரு வேலை நாள் நம்பினேன். நடுவில் வந்த சனி, ஞாயிறையும் சேர்த்தால் இன்னும் கூடும், ஏனென்றால் லீவு நாட்களில் வீட்டில் உட்கார்ந்தும் நம்பினேன்.

உண்மையில் அவர் யார் என்றால், திருச்சி ஜில்லாவிலேயே அரசாங்கத்துக்குக் கொடுத்த மனுவோடு உயிருள்ள நண்டை இணைத்த ஒரே மனிதர். அவருக்கு முன்னால் யாரும் செய்ததில்லை. பின்னால் செய்யப்போகிறவர்களும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மனுவின் அடியிலும் முழுப் பெயர், தகப்பனார் பெயர், சர்வே நம்பர் எல்லாம் தெளிவாக எழுதியிருப்பார். இருந்தாலும் எங்கள் ஆபீஸில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. இணைப்புக்காரர் என்றால் பியூன் முதல் சூப்பிரண்டு வரை எல்லோருக்கும் புரியும்.

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் ஊருக்கு மாஸ்டர் பிளான் போடுகிற ஒரு ஆபீஸில் நான் வரைவாளராக இருந்தேன். பெரிய படிப்பெல்லாம் தேவைப்படாத வேலை. வரைபடத்தில் வீடு வரப்போகும் இடத்துக்கு மஞ்சள், கடை கண்ணி வரப்போகும் இடத்துக்கு நீலம், விவசாயத்துக்குப் பச்சை. காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி வந்து, சாயங்காலம் வரை ஊருக்கு வர்ணம் அடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புவேன். நான் பச்சை அடித்துவிட்டு வந்த இடத்தில் மறுநாள் ஜல்லி கொட்டியிருக்கும். வரைபடத்தில் வர்ணம் காய்வதற்குள் ஊர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடுவதுதான் உத்தியோகம். ஓடி ஓடி முப்பத்திரண்டு வயதிலேயே எனக்கு ரிட்டயர் ஆகிறவன் முகம் வந்துவிட்டது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், என் மேஜைக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் சின்ன நோட்டு. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். அரசாங்க ஆபீஸுக்கு வந்து ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற மனிதனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் பிரஷ்ஷை எடுத்தால் நிமிர்ந்து பார்ப்பார். வர்ணத்தில் தோய்த்தால் நோட்டைத் திறப்பார். தாளில் வைத்தால் ஏதோ எழுதுவார். மத்தியானம் கொண்டுவந்த கட்டுச்சோற்றைப் பெஞ்சிலேயே பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து போவார். மறுநாள் பத்தரைக்கு மறுபடி ஆஜர்.

என் மடியிலும் கனம் இருந்தது. பெண்ணுக்கு ஸ்கூல் கண்காட்சிக்குக் கடல் வரைய வேண்டியிருந்தது என்று, ஆபீஸ் நீலத்தில் அரைப் புட்டியை வீட்டுக்குக் கொண்டு போயிருந்தேன். கடலுக்கு அவ்வளவு நீலம் ஆகும் என்று யார் கண்டது? ஐந்தாம் நாள் வீட்டிலிருந்த ஆபீஸ் பென்சில், ரப்பர், அடிக்கோல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தேன். அதில் இரண்டு பென்சில் எங்கள் சொந்தக் காசில் வாங்கியவை. என் மனைவி, வரைந்த கடலை வேண்டுமானால் தண்ணீரில் ஊறப்போட்டு நீலத்தைப் பிழிந்து கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்கிறாள் என்பது புரியாமல் அரை நிமிஷம் யோசித்தேன். என் நிலைமை அது.

பதினோராம் நாள் தாங்க முடியவில்லை. அவரை எதிர்த்த டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"சார், நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா நல்லதுங்க."

"அரைப் புட்டி நீலம் வீட்டுக்குக் கொண்டு போனது வாஸ்தவம் சார். பொண்ணுக்குக் கடல் வரையறதுக்காக."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆபீஸ்ல மிச்சம் எவ்வளவு இருக்கு தம்பி?"

"நாலு புட்டி சார்."

"அதையும் கொண்டு போயிடுங்க" என்றார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. திருவானைக்காவல் போகிற ரோட்டில் அவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. ஒரு காலத்தில் சுற்றிலும் வயல். இப்போது முன்னால் ஒரு லாட்ஜ், இடது பக்கம் ஒரு சினிமா தியேட்டர், வலது பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிற வயல்தான் அது. மேட்னி இடைவேளையில் தியேட்டர் ஜனம் சுவரில் சாய்ந்துகொண்டு நடவு பார்க்கும். படம் சுமாராக இருந்தால் மணி அடித்த பிறகும் உள்ளே போகாது. முறுக்கு தின்றுகொண்டே, நாற்று நெருக்கமாக இருக்கிறது என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. லாட்ஜுக்காரர் புதுமணத் தம்பதிகளுக்கு வயல் பக்கத்து ரூமாகப் பார்த்துக் கொடுப்பார். இருட்டியதும் தவளைகள் ஆரம்பிக்கும். தம்பதிகள் ரோட்டுப் பக்கம் ரூம் கேட்டுக் கீழே இறங்கி வருவார்கள்.

மாஸ்டர் பிளானில் அந்த மூன்று ஏக்கருக்கும் நீலம் அடிக்க வேண்டும் என்று லாட்ஜும் தியேட்டரும் எழுதிக் கொடுத்திருந்தன. அவர்கள் கண் வயலின் மேல்கூட இல்லை, வாய்க்கால் மேல் இருந்தது. லாட்ஜின் பின்புறமாக, தியேட்டரை ஒட்டி ஒரு கிளை வாய்க்கால் வந்தது. அதில் தண்ணீர் குடிக்கிற வயல் இவருடையது ஒன்றுதான் பாக்கி. வயல் காகிதத்தில் கடையாகிவிட்டால் வாய்க்காலுக்கு வேலை இல்லை. தூர்த்துவிட்டு ஒருவர் கார் நிறுத்தலாம், இன்னொருவர் சைக்கிள் ஸ்டாண்ட் போடலாம். அதனால்தான் அவர் வந்து உட்கார்ந்திருந்தார். நான் எந்தெந்த நாள் எந்தப் பக்கம் நீலம் அடிக்கிறேன், அது அவர் வயலுக்கு எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்றுதான் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். வெள்ளத்தை அளப்பது மாதிரி.

ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் கொடுக்கலாம் என்று சொன்னேன். சொன்னது என் தப்பு.

முதல் மனு வந்தது. 'இது விவசாய நிலம் என்பதற்கு ஆதாரம் இத்துடன் இணைத்துள்ளேன்' என்று எழுதி, கூடவே ஒரு கட்டு நெற்கதிர். தபால் பிரிவில் ஸ்டெல்லா மேடம் இருந்தார். பாலக்கரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என்ன பக்தியோ அதே பக்தி ஆபீஸ் பதிவேட்டுக்கும். மனுவில் இணைப்பு என்று எழுதியிருந்தால் இணைப்பு இருக்க வேண்டும். இருந்தால் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறினால் ஃபைலோடு கடைசி வரை போக வேண்டும். 'இணைப்பு: நெற்கதிர், கட்டு ஒன்று' என்று எழுதி, கதிருக்கு ஒரு சீட்டு கட்டி, ஃபைலுக்குள் வைத்து நாடாவால் இறுக்கினார். அடுத்த மனுவுக்கு இணைப்பு வாழை இலையில் மடித்த வண்டல் மண். அதுவும் ஏறியது. கதிருக்கு எலி வந்தது. நெல்லைத் தின்றுவிட்டுப் பசி அடங்காமல் லாட்ஜுக்காரர் மனுவிலும் பாதியைத் தின்றது. இணைப்புக்காரர் கேள்விப்பட்டு, எலிக்கு இருக்கிற நியாயம்கூட என்று ஆரம்பித்து, சூப்பிரண்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சூப்பிரண்டுக்கு எரிச்சல். நெல்லும் மண்ணும் காந்தி மார்க்கெட்டில் காசு கொடுத்தால் கிடைக்கும், இதெல்லாம் ஒரு ஆதாரமா என்று கேட்டுவிட்டார். மறுநாள் தூக்குச்சட்டியில் நண்டு வந்தது.

அவர் வரப்பிலிருந்து பிடித்த வயல் நண்டு. தண்ணீர் பாயாத இடத்தில் இது இருக்காது, சந்தேகம் இருந்தால் வளையை வந்து பார்க்கலாம் என்று மனுவில் கண்டிருந்தது. ஸ்டெல்லா மேடம் மூடியைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"உயிரோட இருக்கே ஐயா. நம்பர் எங்க போடறது?"

"ஓட்டு மேல போடுங்கம்மா. ஒண்ணும் சொல்லாது."

போட்டார். சிவப்பு மையில், ஃபைல் நம்பர், வருஷம், சாய்கோடு எல்லாம் சேர்த்து. ஜன்னலடியில் ஈர மண் போட்ட சட்டியில் நண்டு குடியேறியது. மேடமே சோற்றுப் பருக்கை போட்டு வளர்த்தார். சூப்பிரண்டு வேறு வழியில்லாமல் 'இணைப்பு பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மத்தியானம் அது சட்டியை விட்டு ஏறி வந்து, நான் அப்போதுதான் அடித்திருந்த ஈர நீலத்தின் குறுக்கே நடந்து போனது. நான் ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு, ஃபைல் ஓடுது, ஃபைல் ஓடுது என்று கத்தியதாக இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் ஸ்டூலில் ஏறியது உண்மை. கத்தியதாக ஞாபகமில்லை. மேடம் வெறும் கையால் பிடித்து உள்ளே விட்டார்.

இத்தனை இணைப்புகளின் பலனாக ஒரு நாள் பெரிய அதிகாரியே இடத்தைப் பார்வையிட வந்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் ஜீப்பில் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் பார்க்க வேண்டிய ஏழாவது இடம் அது, காலையிலிருந்து வெயில். லாட்ஜுக்காரர் கலர் சோடாவோடு நின்றார், தியேட்டர் மானேஜர் குடையோடு நின்றார். இணைப்புக்காரர் வரப்பில் நின்றார், முழங்கால் வரை சேறு.

"சுத்தி எல்லாம் கட்டடம் வந்தாச்சு. நடுவுல நீங்க மட்டும் வயலை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் நடுவுல வரலீங்க ஐயா. இருந்த இடத்துலதான் இருக்கேன். இவங்கதான் சுத்தி வந்தாங்க."

லாட்ஜுக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நீலம் ஆனால் உங்களுக்குத்தான் லாபம், விற்றுவிட்டால் காலமெல்லாம் உட்கார்ந்து சாப்பிடலாமே என்றார் அதிகாரி. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்றார் இவர். சரி, விற்கச் சொல்லிக் கட்டாயமில்லை, நீலம் அடித்தாலும் நீங்கள் பாட்டுக்கு உழுதுகொள்ளலாம் என்று அதிகாரி சமாதானமாகச் சொன்னார்.

"உழுதுக்கலாங்க. தண்ணிக்கு?"

அதிகாரி வாய்க்காலைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜீப்பில் ஏறினார். மூன்றாம் நாள் ஆர்டர் வந்தது. நீலம்.

சென்னைக்கு அனுப்ப ஆறு பிரதிகள். அமோனியா பிரிண்ட் என்கிற நகல் எடுத்து ஆறுக்கும் கையால் வர்ணம் அடிக்க வேண்டும். அன்றும் அவர் பெஞ்சில் இருந்தார். அந்த மூன்று ஏக்கர், வரைபடத்தில் ஒரு தபால் தலை அளவுகூட இல்லை. நான் முதுகைக் கேடயமாகத் திருப்பிவைத்துக்கொண்டு ஆறு தபால் தலைக்கும் நீலம் அடித்தேன். அவசரத்தில் ஒன்றில் லாட்ஜையும் தாண்டிக் காவிரிக் கரை வரை போய்விட்டது. ஐந்து மணிக்கு அவர் எழுந்து வந்தார்.

"என்ன கலர் தம்பி?"

நீலம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வினாடி வேலை. எனக்குப் பெரியவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கத் தெம்பு கிடையாது. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், கோழைத்தனம்தான்.

"பச்சைங்க ஐயா" என்றேன்.

பிரஷ் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "ரொம்ப நல்லதுங்க. போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன், நாற்று விட்டிருந்தார். அன்றிலிருந்து நான் பஸ்ஸில் வயல் பக்கம் உட்காருவதை நிறுத்திவிட்டேன். மறுபக்கம் இடமில்லாவிட்டால் நின்றுகொண்டே வந்தேன். பொங்கலுக்கு அவரிடமிருந்து புது அரிசி ஒரு பை வீட்டுக்கு வந்தது. இவ்வளவு நல்ல அரிசியை ஏன் இப்படி மென்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். எந்த நாளும் சென்னையிலிருந்து பிளான் திரும்பி வரலாம், நோட்டீஸ் போர்டில் நீலம் தொங்கலாம், அவர் கதிரோடு வந்து என் சட்டையைப் பிடிக்கலாம். போஸ்ட்மேன் சைக்கிள் மணி அடித்தால் நான் மேஜைக்கடியில் குனிந்து பென்சில் தேடினேன்.

ஆனால் சென்னையைப் பற்றி நான் குறைவாக நினைத்துவிட்டேன். முதல் வருஷம், வடக்கு காட்டும் அம்புக்குறி சிறியதாக இருக்கிறது என்று திருப்பினார்கள். பெரிதாக வரைந்து அனுப்பினேன். அடுத்த வருஷம், பெரியதாக இருக்கிறது என்று வந்தது. நடுத்தரமாக வரைந்தேன். அப்புறம் ஃபைல் எங்கேயோ அசையாமல் கிடந்தது. ஒரு அரசாங்கக் காகிதம் தாமதமாக வேண்டும் என்று சாமி கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிற சௌகரியம். பெருமாளே, நீங்கள் பள்ளிகொண்டிருக்கிற மாதிரி அந்த ஃபைலும் கிடக்கட்டும் என்று சன்னதியில் நின்று கேட்டேன். எல்லாம் சேர்த்து ஆறு வருஷம் ஓடியது. ஆறு பொங்கலுக்கும் அரிசி வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பிளான் ஒப்புதலாகி வந்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் மாட்டினார்கள். அவர் வருகிறார் என்று ஜன்னல் வழியே பார்த்ததும் நான் ரெக்கார்டு ரூமுக்குள் போய் அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அரை மணி நேரம் கழித்து ஸ்டெல்லா மேடம் வந்தார்.

"வெளிய வாங்க. ஐயா உங்களைப் பாக்காம போக மாட்டேங்கறாங்க. தும்மலை எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறவன் நான். அன்று நேராகவே சொன்னேன்.

"மன்னிச்சிடுங்க ஐயா. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியுங்க."

"இப்ப போர்டைப் பார்த்துத்தானே?"

"இல்ல, அன்னைக்கே. உங்க நகம் பத்தும் நீலமா இருந்துச்சே தம்பி."

"தெரிஞ்சும் எப்படிங்க நாத்து விட்டீங்க?"

"வாய்க்கால்ல தண்ணி வந்துச்சு. விட்டேன்." வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நீங்களும் எனக்காகக் கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னீங்க. அதைப் போய் இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?"

அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். அந்தக் கோடையில் வாய்க்காலைத் தூர்த்தார்கள். மழையை நம்பி ஒரு போகம் பார்த்தார், பதர்தான் மிஞ்சியது. நிலத்தை விற்றார், அங்கே மூன்று மாடிக்குக் கடைகள் எழும்பின. அவர் லால்குடியைத் தாண்டி, தண்ணீர் வருகிற ஒரு வாய்க்கால் ஓரமாக மூன்று ஏக்கர் வாங்கினார். சுற்றிலும் அப்போது வயல்தான் இருந்தது. முதல் அறுப்புக்கு நானும் ஸ்டெல்லா மேடமும் ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனோம்.